செல்வராசு அண்ணன் கேட்ட வடம்

இந்த வருஷமும் ஸ்ரீரங்கம் சித்திரைத் தேருக்குப் போயிருந்தேன். வடம் பிடித்தேன் என்று வீட்டில் சொல்லிக்கொள்கிறேன். உண்மையில் வடத்தில் கை பட்டதோடு சரி, கூட்டம்தான் என்னைக் கீழச் சித்திரை வீதி முனைவரை தள்ளிக்கொண்டு போய் ஒரு மோர்ப் பந்தலில் விட்டது. என் தொப்பைக்கு அதுவே அதிகம். தென்னூருக்கு பஸ் ஏறியபின் உள்ளங்கையை முகர்ந்து பார்த்தேன். தேங்காய் நார் வாசனை. அந்த வாசனைக்கு எனக்குப் பெருமாள் நினைவுக்கு வருவதில்லை, செல்வராசு அண்ணன்தான் வருகிறார்.

கைலாசபுரத்தில் தொழிற்சாலை வேலைக்குச் சேர்ந்த புதிதில் அவரிடம்தான் ஒட்டிக்கொண்டேன். இரண்டு பேருக்கும் லால்குடிக்கு அப்பால் ஒரே ஊர். அவர் காலனி, நான் பெரிய தெரு. ஊரில் நடக்காதது கேன்டீனில் நடந்தது. டிபன் பாக்ஸை மாற்றிக்கொள்வோம். அவர் வீட்டுக் கருவாட்டுக் குழம்புக்காக என் தயிர்சாதத்தைத் தாராளமாகத் தியாகம் செய்வேன்.

எங்கள் ஊர் மாரியம்மனுக்குச் சின்னதாக ஒரு மரத்தேர் இருந்தது. அதற்கு வடம் திரித்துக் கொடுப்பது அண்ணனின் அப்பாவும் பங்காளிகளும்தான். வாய்க்காலில் நாரை ஊறப்போட்டு, தட்டி, முறுக்கி, கோயில் வாசலில் கொண்டுவந்து வைத்துவிட்டு விலகி நிற்பார்கள். மஞ்சள் தண்ணீர் தெளித்து எங்கள் தெருக்காரர்கள் எடுத்துக்கொள்வார்கள். அதன்பிறகு திரித்தவர்கள் அதைத் தொடக் கூடாது. சின்ன வயதில் அதுவும் பூஜையில் ஒரு பகுதி என்றே நினைத்திருந்தேன்.

தன் அப்பா இறந்த வருஷம் அண்ணன் கேஸ் போட்டார். "எங்கப்பாவுக்குக் கையெல்லாம் காய்ச்சுப் போயிருந்துச்சு தம்பி. நானாவது ஒரு தடவ அதப் புடிச்சு இழுக்கணும். வேற ஒண்ணும் வேணாம்" என்றார். வாய்தாவுக்கு வாய்தா லீவு போட்டு அலைந்தார். கடைசியில் தீர்ப்பு அவர் பக்கம் வந்தது. ஊரார் எல்லோரும் வடம் பிடிக்கலாம். அன்றைக்கு கேன்டீனில் எல்லோருக்கும் ஜாங்கிரி வாங்கிக் கொடுத்தார்.

அந்தப் பங்குனியில் ஊர்க்கூட்டம் நடந்தது. என் பெரியப்பாதான் எழுந்தார். "கோர்ட்டு சொன்னா சரிங்க. யார் வேணா இழுக்கட்டும். ஆனா இந்த வருஷம் திருவிழா இல்ல." அடுத்த வருஷமும் இல்லை. அண்ணன் மறுபடி கோர்ட்டுக்குப் போனார். தேர் ஓடினால் போலீஸ் பாதுகாப்பு கொடுக்கச் சொன்னார்கள். ஓட்டவே மனமில்லாத ஊரில் போலீஸ் நின்று என்ன செய்யும்.

தீர்ப்பால் ஒன்றுமே ஆகவில்லை என்று சொன்னால் பொய்யாகிவிடும். காலனிப் பிள்ளைகள் பெரிய தெருவில் மணியடித்துக்கொண்டு சைக்கிள் விட்டார்கள். முறைத்தவர்கள் உண்டு, மறித்தவர்கள் இல்லை. கேஸ் என்ற சொல்லுக்கே ஊர் கொஞ்சம் பயப்பட ஆரம்பித்திருந்தது. தேர் மட்டும் கொட்டகையை விட்டு வெளியே வரவில்லை.

ஒரு சித்திரையில் அவரை ஸ்ரீரங்கத்துக்குக் கூப்பிட்டேன். "வாங்கண்ணே, அங்க யாரு என்னன்னு ஒருத்தரும் கேக்க மாட்டாங்க."

"யாருன்னு கேக்காத எடத்துல இழுக்கறதுக்கா தம்பி நான் கேஸ் போட்டேன்?" என்றார். பிறகு நான் கூப்பிடவில்லை.

போன தை மாதம் அண்ணன் இறந்துவிட்டார். காரியத்துக்குப் போனபோது, பெரியப்பாவின் பேரன் அந்த வீட்டுப் பந்தலில் இலை போட்டுக்கொண்டிருந்தான். அண்ணன் மகனும் அவனும் ஒரே கிரிக்கெட் டீமாம். பெரியப்பாவும் அவர் கூட்டாளிகளும் போய்ச் சேர்ந்து எத்தனையோ காலம் ஆயிற்று. சாப்பிட்டு முடித்ததும் இரண்டு பையன்களையும் கூட்டிப்போய்த் தேர் நின்ற இடத்தைக் காட்டினேன். தேர் செல்லரித்துப்போய் விறகாகப் போனது. இப்போது அங்கே நெல் அறுக்கிற மிஷினை நிறுத்தியிருக்கிறார்கள்.

"இங்க தேரு இருந்துச்சா சித்தப்பா?" என்றான் பேரன். அண்ணன் மகனின் தோளில் கை போட்டுக்கொண்டு, "இருந்தா நாங்க ரெண்டு பேரும் சேந்தே இழுத்திருப்பமே" என்றான்.

அண்ணன் கோர்ட்டில் கேட்டது அதைத்தான். எங்கள் தெருக்காரன் ஒருவன் வாயால் அது வந்தபோது, கேட்க அவரும் இல்லை, இழுக்கத் தேரும் இல்லை.