கையில் இல்லாத மாத்திரை

உனாய்சி அக்கா பிரஷர் மாத்திரையைப் பலகையில் வைத்து, சேப்பங்கிழங்கு வெட்டும் கத்தியின் நுனியால் அழுத்துகிறாள். டக்கென்று இரண்டாகிறது. ஒரு பாதி அவளுக்கு. மறுபாதி, எதிரே கையை நீட்டிக்கொண்டு நிற்கும் மீன்காரிக்கு. சிந்திய தூளை விரலால் ஒற்றி நாக்கில் தடவிக்கொள்கிறாள்.

"வீணாக்கக் கூடாது பாரு, தங்கச்சி."

எங்கள் தீவின் சிங்கத்தோக்கா சந்தையில் அவள் கிழங்குக் கடைக்கு அடுத்தது என் மிளகாய்க் கடை. பதினோரு வருடமாக, போன மாதம் வரை, நான் பார்த்துவந்த கூத்து இது. அவளுக்கு வயது ஐம்பத்து நான்கு. பெரிய உடம்பு, சிரித்தால் பலகை ஆடும். மாங்காய்க்கும் உப்பு, அன்னாசிக்கும் உப்பு. நூடுல்ஸைப் பச்சையாகவே கடித்துவிட்டு, பொட்டலத்திலிருக்கும் உப்புத்தூளை உள்ளங்கையில் கொட்டி நக்குவாள். ஏதாவது சொன்னால், "பிரஷர் எனக்கா, அந்த மிஷினுக்கா? நான் நல்லாத்தான இருக்கேன்" என்பாள்.

ஞாயிற்றுக்கிழமை மாத்திரையே கிடையாது. அதைப் போட்டால் அடிக்கடி ஒன்றுக்கு வருமாம். "போதகர் பாவத்தப் பத்திப் பேசுறப்ப நான் எந்திரிச்சு எந்திரிச்சுப் போனா, ஊரு என்ன நெனைக்கும்?"

அதைவிடக் கொடுமை கெரெகெரெ என்ற இவர்கள் வழக்கம். அந்தச் சொல்லைச் சொல்லி ஒருவர் கேட்டுவிட்டால் உறவுக்காரர்கள் மறுக்கக் கூடாது. படகு, பாய், போட்டிருக்கும் சட்டை, எதுவானாலும் கொடுத்தே ஆக வேண்டும். கிழங்கென்றால் சரி. ஆஸ்பத்திரியில் முப்பது நாளைக்குத் தரும் மாத்திரைக்கும் அதே சட்டமா? பன்னிரண்டாம் நாள் டப்பா காலி. தலைவலி என்று வருகிறார்கள், கழுத்துப் பிடிப்பு என்று வருகிறார்கள். போதகரும் ஒருநாள் வந்தார். எல்லோருக்கும் கொஞ்சம் கிடைக்கிறது. ஒருவருக்கும் குணமாகும் அளவுக்குக் கிடைப்பதில்லை.

அவள் கணவர் செமெசாவும் தன் பிரஷர் மாத்திரையை இப்படிப் பங்கு வைத்தவர்தான். மூன்று வருடத்துக்கு முன்பு தோட்டத்தில் விழுந்தார். பேய் அடித்துவிட்டது என்று நான்கு நாள் எண்ணெய் தேய்த்துக்கொண்டே இருந்தார்கள். ஐந்தாம் நாள்தான் வண்டியில் ஏற்றினார்கள். பக்கவாதம். வலது பக்கம் முழுக்கப் போயிற்று, பேச்சும் போயிற்று. பிள்ளைகள் நியூசிலாந்தில் பழம் பறிக்கிறார்கள். அவரைத் தூக்கி உட்கார வைக்க, கிழங்கில் தேங்காய்ப்பால் விட்டுப் பிசைந்து ஊட்ட, முதுகில் புண் வராமல் புரட்டிப் படுக்க வைக்க, உனாய்சி ஒருத்திதான்.

போன மாதம் நர்ஸ் சாலனியேத்தா சந்தைக்கே வந்து அவள் கையில் பிரஷர் பார்க்கும் பட்டையைச் சுற்றினாள். இருநூற்றுப் பத்து.

"அக்கா, நீயும் விழுந்தா உங்க வீட்டுல ரெண்டு பாய். யாரு யாரப் பொரட்டிப் போடுவீங்க?"

எதற்கும் சிரிக்கிறவள் அதற்குச் சிரிக்கவில்லை. நர்ஸ் போன பிறகு ஒரே கிழங்கை வெகுநேரம் துடைத்துக்கொண்டிருந்தாள். பிறகு அவளாகவே கேட்டாள்: "நான் என்னதான் செய்ய? இல்லன்னு சொல்ல வாய் வரல."

அடுத்த டப்பாவை வாங்கியதும் என்னிடம் கொடுக்கச் சொன்னேன். அவளிடம் இல்லாவிட்டால், இல்லை என்று சொல்வது பொய்யாகாது. நான் அவர்கள் உறவுமுறைக்கு வெளியே இருப்பவள். என்னிடம் யாரும் வந்து கேட்க மாட்டார்கள். காலையில் ஒன்று தருவேன், என் கண் முன்னால் விழுங்க வேண்டும். ஒன்பது நாள் ஒழுங்காக நடந்தது. மீன்காரி இரண்டு முறை வெறுங்கையோடு திரும்பினாள்.

நேற்று பத்தாம் நாள். மாத்திரையை வாயில் போட்டுக்கொண்டு தண்ணீர் பாட்டிலைத் தேடிக்கொண்டிருந்தாள். பஸ் ஓட்டும் அப்பிசாய் வந்தான். அக்காவுக்கு அத்தை மகன். பார்த்த இடத்தில் வம்பிழுத்தே ஆக வேண்டிய முறை.

"என்ன மச்சினி, இன்னும் உசுரோடதான் இருக்கியா?"

"உன் பஸ்ஸுல ஏறல, அதான் இருக்கேன்" என்றாள், மாத்திரையைக் கன்னத்தில் ஒதுக்கிக்கொண்டு.

அவன் சிரிக்கவில்லை. பலகையைப் பிடித்துக்கொண்டு நின்றான். "தல வெடிக்குது. கண்ணு மங்குது. சுவா வரைக்கும் போவணும், வண்டி நெறைய சனம். ஒரு மாத்திர குடு. கெரெகெரெ."

"வண்டிய விட்டுட்டு ஆஸ்பத்திரிக்குப் போங்க, பக்கத்துலதான இருக்கு" என்றேன். அவன் காதில் விழுந்த மாதிரி தெரியவில்லை.

"மாத்திர எங்கிட்ட..." என்று அக்கா தொடங்கினாள். மாத்திரை வாய்க்குள்ளேயே இருக்கிறதே. எப்படி இல்லை என்பாள்? என்னைப் பார்த்தாள். வேண்டாம் என்று தலையை ஆட்டினேன். தண்ணீர் பாட்டிலை எடுத்து அவள் முன்னால் நகர்த்தினேன்.

அவள் வாய்க்குள் இரண்டு விரலை விட்டு மாத்திரையை எடுத்தாள். பாவாடையில் ஒருமுறை துடைத்தாள். திருப்பி இன்னொருமுறை துடைத்து, அவன் உள்ளங்கையில் வைத்தாள்.