ஏழாவது ஜோடி

பூவம் எல்லைத் தோப்பில் பணம் வைத்து ஆடும் சீட்டாட்டத்தைப் பிடிக்கப் போகும்போதும் அந்தக் காரைக்கால் ஏட்டு தன் சிவப்புப் போலீஸ் தொப்பியைக் கழற்றமாட்டார். ஒல்லியான மனிதர். சைக்கிளில் தொலைவில் வரும்போதே தொப்பி தெரிந்துவிடும். ஆட்டக்காரர்கள் எல்லை வாய்க்காலைத் தாண்டித் தமிழ்நாட்டுக்குள் போய்விடுவார்கள். அங்கே காரைக்கால் போலீசுக்கு அதிகாரம் கிடையாது. அவர் வேண்டுமென்றே தப்பவிடுகிறார் என்று ஊரில் பேச்சு. அது பத்திரிகையில் வந்தால் அவருக்கு வேலை போய்விடும். அதை எங்கள் பத்திரிகையில் எழுதத்தான் ஒரு மாலை அவரோடு போனேன்.

தோப்பில் யாரும் இல்லை. கலைந்த சீட்டுகளும், ஓட்டத்தில் விட்டுப்போன ஏழு ஜோடிச் செருப்புகளும் கிடந்தன.

“தொப்பியைக் கழட்டிட்டு வந்திருக்கலாமே, ஏட்டய்யா?”

“தொப்பி இல்லாம வந்தா, ஆட வந்த ஆளுன்னு எடம் போட்டுக் குடுப்பானுங்க, தம்பி.”

செருப்புகளைச் சாட்சிப் பொருளாகக் கோணியில் போட்டார். சிவப்பு நூலால் வார் தைத்திருந்த ஒரு ஜோடியை மட்டும் துடைத்துத் தன் சைக்கிள் பையில் வைத்தார்.

“அது யாரோடது?”

“ஆறு ஜோடின்னு எழுதிக்குங்க” என்றார். பையை மூடிக்கொண்டே, “வெறுங்காலோட போனா வீட்டுல கேப்பாங்கல்ல.”

யார் வீட்டில் என்று நான் கேட்கவில்லை. செய்தியில் ஆறு ஜோடி என்றே எழுதினேன். தொப்பியைப் பற்றி ஒரு வரியும் எழுதவில்லை. பிறகு பல மாதங்கள் கடைத்தெருவில் எதிரே வருபவர்களின் கால்களையே பார்த்து நடந்தேன். நானும் சேர்ந்து தப்பவிட்ட ஆள் யாரென்று இன்றுவரை எனக்குத் தெரியாது.