மகளின் பின்னலும் என் மீசையும்

இதை எழுதலாமா வேண்டாமா என்று பல வருஷங்கள் தள்ளிப்போட்டுவிட்டேன். நான் படித்தது ஐந்தாம் வகுப்பு வரைதான், அது ஒரு காரணம். பெரிய காரணம் எங்கள் பங்காளி வீட்டார். அவர்கள் இதைப் பெருமாளின் அற்புதமாக ஊரெல்லாம் சொல்லிவிட்டார்கள். நடந்ததை நடந்தபடி எழுதினால் ஏழுமலையான் பெருமையைக் குறைத்ததாகுமோ என்று பயந்தேன். இப்போது அந்தப் பயம் இல்லை. அவருக்கு உண்மை தெரியாதா என்ன?

எங்கள் ஊர் சத்தியவேடு பக்கம். எல்லை பிரித்து எங்களை ஆந்திராவோடு சேர்த்த சமயம் அது. வயல் இருந்த இடத்திலேயே இருந்தது, கிணறும் அப்படியே. பள்ளிக்கூடத்தில் மட்டும் வாத்தியார் மாறினார். நெல்லூர்ப் பக்கத்து மனிதர். பிள்ளைகள் தெலுங்கு வழக்கப்படி அவரை அய்யவாரு என்றார்கள். பாடமும் தெலுங்கில் ஆனது.

என் மகள் அப்போது மூன்றாம் வகுப்பு. முதல் வாரத்தில் ஏதோ ஒரு வார்த்தையைத் தப்பாகச் சொல்லிவிட்டாள். வகுப்பே சிரித்தது. அன்றைக்கு மூடிய வாய்தான். வீட்டில் கிளி மாதிரி பேசுகிறவள், பள்ளிக்கூடத்துக்குப் போனால் கல். விடிந்தால் வயிற்றுவலி என்பாள். தட்டில் போட்ட சோறு அப்படியே கிடக்கும்.

அய்யவாரு ஒருநாள் என்னைக் கூப்பிட்டு அனுப்பினார். கோபக்காரர் இல்லை. தனக்குத் தெரிந்த தமிழில் சொன்னார்.

"பாப்பா நல்ல பாப்பா. ஆனா வாயே தெறக்காது. அரைப் பரீட்ச வரைக்கும் பாக்கறேன். அப்பவும் பேசலன்னா ஒண்ணாங்கிளாசுல சின்னப் பசங்ககூடத்தான் உக்கார வெக்கணும். நா இன்னா செய்யட்டும், நீங்களே செப்பண்டி."

எங்கள் வீட்டில் எந்தக் கஷ்டமானாலும் ஏழுமலையான் காதில் போட்டுவிடுவோம். அன்று சாயங்காலம் என் மனைவி விளக்கேற்றி, மகளைப் பக்கத்தில் நிறுத்திக்கொண்டு வேண்டினாள்.

"பெருமாளே, எம்பொண்ணு பள்ளிக்கூடத்துல வாயத் தொறந்து பேசிட்டான்னா, மலைக்கு இட்டாந்து அவ முடிய உனுக்கு எறக்கறேன்."

நானும் கன்னத்தில் போட்டுக்கொண்டேன்.

அவளுக்கு இடுப்பைத் தொடும் பின்னல். கனகாம்பரம் வைத்துவிட்டால் கிணற்றுத் தண்ணீரில் திரும்பித் திரும்பிப் பார்ப்பாள். அதை அப்போது நாங்கள் யோசிக்கவில்லை. வேண்டுதலுக்குப் பிறகு நிலைமை இன்னும் மோசமானது. அதற்குமுன் தலையையாவது ஆட்டிக்கொண்டிருந்தவள் அதையும் விட்டுவிட்டாள். அதட்டிப் பார்த்தேன். கமர்கட்டு வாங்கிக் கொடுத்துப் பார்த்தேன். கமர்கட்டுதான் தீர்ந்தது.

ஒருநாள் பொழுது சாயும் நேரம், வேர்க்கடலைக் கொடியைச் சுமந்துகொண்டு கொல்லைக்கு வந்தேன். அங்கே நின்ற மாட்டுவண்டிக்கு அந்தப்பக்கம் தெலுங்குச் சத்தம் கேட்டது. எட்டிப் பார்த்தால் இரண்டு ஆட்டுக்குட்டிகளைச் சக்கரத்தில் கட்டிப்போட்டு, கையில் வேப்பங்குச்சியோடு என் மகள் பாடம் நடத்துகிறாள். எழுத்து, வாய்ப்பாடு, பாட்டு என்று எல்லாம் கணீரென்று வருகிறது. குட்டி ஒன்று கத்தினால் "மள்ளீ செப்பு" என்று மறுபடி சொல்லச் சொல்கிறாள்.

ஓடிப்போய்த் தூக்கிக்கொள்ளத்தான் நினைத்தேன். ஆனால் அப்பாவாகப் போய் நின்றால் அந்தப் பாட்டும் நின்றுவிடுமே. கொடியை இறக்கிவிட்டு, கைகட்டி, குட்டிகளுக்குப் பக்கத்தில் போய் நின்றேன்.

"அய்யவாரே, எனுக்கும் எடம் கீதா?"

திடுக்கிட்டாள். அப்புறம் என்னை மேலும் கீழும் பார்த்தாள்.

"லேட்டா வந்துட்டு இன்னா கேள்வி? இக்கட கூச்சோ."

உட்கார்ந்தேன். அன்றிலிருந்து தினமும் அவளுக்கு நான் மாணாக்கன். எனக்கு நாக்கு புரளவில்லை. தப்புத்தப்பாகச் சொன்னேன். அவள் சிரிக்கவில்லை, அடிக்கவும் இல்லை. "பரவால்ல நைனா, மெதுவா சொல்லு" என்பாள். குட்டிகளைவிட நான் மக்கு என்று மட்டும் ஒருநாள் சொன்னாள்.

இப்படியே போய்க்கொண்டிருந்தபோது, மாணாக்கனாகவே ஒன்று கேட்டேன்.

"அய்யவாரே, பள்ளிக்கூடத்துல எல்லார் முன்னாலயும் பேச எனுக்கு பயமா கீதே. இன்னா பண்றது?"

"நீ பேசினா உனுக்கு மொட்ட அடிப்பாங்களா?"

"இல்லியே."

"அப்பறம் இன்னா பயம்? பேசு."

சொல்லிக்கொண்டே பின்னலை முன்னால் இழுத்து இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டாள். எனக்கு அப்போதுதான் விளங்கியது. நாங்கள் பெருமாளுக்குச் சொன்ன வாக்கு, குழந்தையின் வாய்க்குப் பூட்டாகிவிட்டிருந்தது.

மனைவியிடம் சொன்னேன். "அவ முடிக்கு பதிலா நா குடுக்கறேன்மே. அதுவும் இப்பவே. அவ பேசினாலும் சரி, பேசாட்டியும் சரி."

"பேசறதுக்கு முன்னாடியே காணிக்கையா? இது எந்த ஊரு வழக்கம்?"

"முன்னாடியே குடுத்தா சாமி வேணாம்னா சொல்லப்போறாரு?"

அவள் என் தலையை ஒருமுறை பார்த்தாள். "நடுவுல ஏற்கெனவே களம் மாதிரிதான் கீது. அவ பின்னலுக்கு இது ஈடா? சாமிக்கு நஷ்டம்."

கேட்டுக்கொண்டிருந்த மகள் சொன்னாள்: "மீசையும் சேத்து குடுக்கச் சொல்லுமா."

அந்த மீசை கல்யாணத்துக்கு முன்பிருந்து என்னோடு இருந்தது. சரி என்றேன்.

திருப்பதிக்கு பஸ் ஏறி, மலைக்குப் போனோம். முடி இறக்கும் கல்யாணகட்டாவில் உட்காரும்முன் மகள் என் மீசையை ஒருமுறை முறுக்கிவிட்டாள். அது போனதும் என் முகத்தைப் பார்த்தவள் சிரித்த சிரிப்பில், பக்கத்தில் முடி இறக்கிக்கொண்டிருந்தவர்களும் சேர்ந்து சிரித்தார்கள். தரிசன வரிசையில் நின்றபோது, "எம்முடி இனிமே எனுக்குத்தானே நைனா?" என்று கேட்டாள். "உனுக்கேதான்" என்றேன். அன்று இரண்டு லட்டும் ஒரு தட்டுப் புளியோதரையும் தின்றாள்.

ஊர் திரும்பிய மறுநாள் அவளைப் பள்ளிக்கூடத்தில் விடப் போனேன். வாசலில் என் மொட்டையைப் பார்த்துப் பிள்ளைகள் கொல்லென்று சிரித்தார்கள். அய்யவாருக்கு என்னை அடையாளமே தெரியவில்லை. யார் இது என்று தெலுங்கில் கேட்டார். நான் வாயெடுப்பதற்குள் என் பக்கத்திலிருந்து ஒரு குரல்.

"மா நாயன. மீசம் சாமிகி இச்சினாடு."

என் அப்பா, மீசையைச் சாமிக்குக் கொடுத்துவிட்டார் என்று அர்த்தம். வகுப்பு மறுபடியும் சிரித்தது. இந்தத் தடவை அவளும் கூடச் சிரித்தாள். அய்யவாரு கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டு, "மள்ளீ செப்பு" என்றார். மறுபடியும் சொன்னாள். ஒன்றாம் வகுப்பு என்ற பேச்சு அதோடு போயிற்று.

ஒரே நாளில் எல்லாம் சரியாகிவிடவில்லை. சில காலைகளில் வயிற்றுவலி வந்தது. அப்போதெல்லாம் ஆட்டுக்குட்டிகளோடு நானும் போய் உட்கார்ந்தேன்.

படிக்கிற நீங்கள் உங்கள் வீட்டுப் பெரியவர்களுக்கும் பிள்ளை பெற்றவர்களுக்கும் இதைச் சொல்ல வேண்டும். ஆனால் இப்படியே சொல்லுங்கள். அவள் பிறவி ஊமை என்று எங்கள் பங்காளிகள் சேர்த்துக்கொண்டதைச் சேர்க்காதீர்கள். பெருமாள் கனவில் வந்தார் என்றும் சொல்லாதீர்கள், வரவில்லை. ஆட்டுக்குட்டிகளை மட்டும் விட்டுவிட வேண்டாம். பெருமாள் எங்கள் வீட்டுக்கு வந்திருந்தால், அந்தச் சக்கரத்துப் பக்கம்தான் உட்கார்ந்திருப்பார் என்று நான் நம்புகிறேன்.