காக்கா தொடாத ரொட்டி

போன வாரம் வில்லியனூர் கடைத்தெருவில் புதிதாகத் திறந்த பேக்கரியைத் தாண்டும்போது, அப்போதுதான் அடுப்பிலிருந்து எடுத்த நீள ரொட்டியின் வாசனை வந்தது. மற்றவர்களுக்குப் பசித்திருக்கும். என் கை தானாகப் பின்னால் போய்க் கட்டிக்கொண்டது. தொட்டால் அடி விழும் என்பதை அறுபது வயசுக்கு மேலும் உடம்பு மறக்கவில்லை பாருங்கள்.

எங்கள் கரிக்கலாம்பாக்கத்து வீட்டுக்கு அந்த ரொட்டி வருஷத்தில் ஒரே நாள்தான் வரும். போகியன்று, செத்துப்போன பெரியவர்களுக்குப் படையல் போடும்போது. அதுவும் ஒருவருக்காக மட்டும். அவர் என் தாத்தாவின் அண்ணன், எனக்குப் பெரிய தாத்தா. அப்போது புதுச்சேரியைப் போலவே பிரெஞ்சுக்காரன் கையிலிருந்த சைகோனுக்குக் கப்பலேறியவர். அங்கே மார்க்கெட்டில் காவல் வேலை. அவர் கிளம்பும்போது அவருடைய ஒரே மகள், அதாவது என் அத்தை, தூளியில் கிடந்தாளாம். சில வருஷம் கழித்துக் கப்பலில் திரும்பிய யாரோ ஒருத்தர், "அவரு காய்ச்சல்ல பூட்டாரு" என்று சொன்னதோடு சரி. எந்த மாசம், என்ன நாள், ஒன்றும் தெரியாது. நாள் தெரியாதவருக்குத் திதி எப்படிக் கொடுப்பது? அதனால் போகிப் படையலில் அவருக்கும் ஓர் இலை போட்டார்கள்.

ஊரில் இருந்தவரை அவர் கூழும் கருவாடும் சாப்பிட்டவர்தான். ஆனால் சைகோன் போனவருக்குக் கூழ் வைத்தால் குடும்ப கௌரவம் என்ன ஆவது? ஆகவே நீள ரொட்டி, பக்கத்தில் ஒரு குவார்ட்டர் பிராந்தி. புதுச்சேரி வரை சைக்கிள் மிதித்து இரண்டையும் வாங்கிவருவது என் சித்தப்பாவின் பொறுப்பு. படையல் முடிந்ததும் பிராந்தியைக் காலி செய்யும் பாரத்தையும் பாவம் அவரே சுமந்தார். பித்ருக் கடனை இவ்வளவு சிரத்தையாகச் செய்த மனிதரை நான் வேறெங்கும் பார்த்ததில்லை.

ஒவ்வோர் இலையிலிருந்தும் ஒரு பிடி எடுத்து ஓட்டின் மேல் வைப்போம். காக்கா எடுத்த பிறகுதான் எங்களுக்குச் சோறு. வந்த காக்கா எல்லார் பங்கையும் கொத்தும், ரொட்டியை மட்டும் தொடாது. தலையைச் சாய்த்து ஒரு பார்வை, அவ்வளவுதான். கீழே நாங்கள் பிள்ளைகள் பசியில் நெளிவோம். "நம்ம ஊரு காக்காவுக்கு இன்னாடா தெரியும் வெள்ளக்காரன் ருசி?" என்று சித்தப்பா சொல்ல எல்லோரும் சிரிப்பார்கள்.

அத்தை சிரிக்க மாட்டாள். ஓட்டையே அண்ணாந்து பார்த்துக்கொண்டு, "காக்கா எடுக்கல. எங்கப்பா எங்கியோ உசுரோட கீறாரு" என்பாள். உள்ளூரிலேயே வாழ்க்கைப்பட்டு மூன்று பிள்ளை பெற்ற பிறகும் ஒவ்வொரு போகிக்கும் வந்து இதையே சொல்வாள். எங்களுக்கு அது ஒரு வேடிக்கையாகப் போய்விட்டது.

அந்த அத்தைக்கு இப்போது எண்பது தாண்டிவிட்டது. போன வருஷம் நெஞ்சுவலி வந்து, ஆஸ்பத்திரியில் படுத்துத் திரும்பியவள் என்னைக் கூப்பிட்டாள். "டேய், நான் கண்ண மூடறதுக்குள்ள எங்கப்பா செத்த நாளக் கண்டுபுடிச்சிக் குட்றா. ஒரே ஒரு வாட்டி அந்த நாள் பாத்து சோறு வெச்சிட்டுப் போறேன்."

வேலையிலிருந்து ஓய்வு பெற்றவனுக்கு இதைவிட நல்ல பொழுதுபோக்கு ஏது? ஆபீஸ் ஆபீஸாக அலைந்தேன். பிறப்பு இறப்புப் பதிவை எங்கள் பக்கத்துப் பெரியவர்கள் இன்னமும் 'எத்தா சிவில்' என்பார்கள். நானும் அப்படியே சொல்லிப் பார்த்தேன், கவுன்ட்டரில் இருந்த பெண் ஏதோ பலகாரத்தின் பெயரைக் கேட்டதுபோல் விழித்தாள். சைகோன் பதிவெல்லாம் பிரான்சில் இருப்பதாகக் கடைசியில் தெரிந்தது. என் மகள் பள்ளிக்கூடத்தில் மார்க்குக்காகப் பிரெஞ்சு படித்தவள். அதை வைத்துக்கொண்டு எழுதிக் கேட்டாள். அப்படி யாரும் இல்லை என்று பதில் வந்தது. மறுபடி கேட்டாள். மறுபடி இல்லை.

"எந்த வருஷம் வரைக்கும்பா தேடச் சொன்னீங்க?" என்று ஒரு நாள் கேட்டாள்.

"நம்ம வூட்ல படையல் ஆரம்பிச்ச வருஷம் வரைக்கும்."

"ஏன் அதோட நிறுத்தணும்?"

நல்ல கேள்வி! செத்த பிறகுதானே படையல் போடுவார்கள்? அதற்குப் பிறகு எவன் சாவான்? எங்கள் குடும்பத்தில் ஒருத்தருக்கும் தோன்றாததை அவள் செய்தாள். பின்னால் உள்ள வருஷங்களையும் தேடச் சொன்னாள். ஆள் கிடைத்துவிட்டார். பெயர், ஊர், தகப்பன் பெயர் எல்லாம் சரி. நான் மூணாவது படித்த வருஷம், ஓர் ஐப்பசி மாசத்தில், சைகோனிலேயே செத்திருக்கிறார். அதுவரை நாங்கள் உயிரோடு இருந்த மனிதருக்குத்தான் வருஷம் தவறாமல் படையல் போட்டிருக்கிறோம்.

அத்தையிடம் போய்ச் சொன்னேன். ஒரு நிமிஷம் விரல் விட்டு எண்ணினாள். பிறகு குலுங்கிக் குலுங்கிச் சிரித்தாள். "அப்ப காக்கா சரியாத்தான்டா சொல்லிக்கீது! உங்க சித்தப்பன் இன்னா கிண்டல் பண்ணான்!" நானும் சிரித்தேன். சிரிப்பு அடங்கியதும் முந்தானையால் வாயைத் துடைத்தபடி, "அப்ப என் கல்யாணத்தப்போ இருந்துக்கீறாரு" என்றாள்.

அங்கே அவருக்கு வேறு குடும்பம் இருந்ததா, வர மனசில்லையா, வர வழியில்லையா? பதிவில் அதெல்லாம் இல்லை. சாவு மட்டும்தான் இருந்தது.

ஐப்பசியில் அந்தத் திதியன்று திருக்காஞ்சி ஆற்றங்கரைக்குப் போய் முறைப்படி செய்துவிட்டு வந்தோம். வீட்டில் படையல். "ரொட்டி வாணாம்டா. கூழும் கருவாடும் வையி" என்றாள் அத்தை. மாடிச் சுவரில் வைத்துவிட்டு நான் கையை எடுப்பதற்குள் காக்கா வந்து கொத்திக்கொண்டு போய்விட்டது.

"எடுத்துட்டுதா?" என்று கீழேயிருந்து கேட்டாள்.

"எடுத்துட்டுது அத்தே."

"பாழாப்போன காக்கா" என்று சொல்லிவிட்டு அழுதாள்.

ஓட்டு வீடு போய் மாடி வந்து நாளாகிவிட்டது. சித்தப்பாவும் போய்விட்டார்; இப்போது அவருக்குத்தான் பிராந்தி வைக்கிறோம். சைக்கிள் மிதிக்க வேண்டாம், ரொட்டி வில்லியனூரிலேயே சுடச்சுடக் கிடைக்கிறது. ஆனால் அதை வாங்கி வைக்க இலை இல்லை, பெரிய தாத்தாவுக்குத்தான் நாள் கிடைத்துவிட்டதே. இந்தப் போகிக்கும் அத்தை வந்தாள். அண்ணாந்து பார்க்கவேயில்லை. நேராக வந்து சாப்பிட உட்கார்ந்துவிட்டாள்.