இலை உதிர்ந்த மாதத்துப் பால்

மலேசியாவில், குருணில் நான் வேலை பார்த்த கையுறைத் தொழிற்சாலை பாதி நம்மவர்களுடையது, பாதி ஜப்பான்காரர்களுடையது. இயந்திரம் அவர்கள் கொண்டுவந்தது; ரப்பர் பாலும் ஆட்களும் நம்முடையவை. பாலில் மருந்து கலக்கும் பகுதிக்கு நான் சூப்பர்வைசர். தெரிந்ததை ஒருவருக்கொருவர் மறைக்காமல் சொல்ல வேண்டும் என்று இரண்டு தரப்பும் கையெழுத்துப் போட்டிருந்தார்கள். திங்கட்கிழமைதோறும் அதற்கென்றே ஒரு கூட்டம்.

முதல் கூட்டத்துக்கு முன்னால் எங்கள் மேனேஜர் என்னைத் தனியாகக் கூப்பிட்டார். "அவங்கள்ட்ட உள்ளத எல்லாம் கத்துக்கம்மா. நம்ம சரக்க மட்டும் வெளிய விட்டுடாத. எல்லாம் தெரிஞ்சிட்டா அப்புறம் நாம எதுக்குலா?" என்றார். அவர் சொன்னதால்தான் செய்தேன் என்று வெகுநாள் என்னை நானே ஏமாற்றிக்கொண்டேன். அவர் சொல்லாவிட்டாலும் அப்படித்தான் செய்திருப்பேன். பத்து வருஷம் அமோனியா நெடியில் கண்ணெரிந்து கற்றதை நேற்று வந்தவருக்கு ஏன் தூக்கிக் கொடுக்க வேண்டும் என்ற எரிச்சல் எனக்கே இருந்தது.

ஜப்பானிலிருந்து வந்த இன்ஜினியர் என்னைவிடப் பத்து வயதாவது மூத்தவர். மற்றவர்கள் கூப்பிடுவதைக் கேட்டு அவரும் என்னை அக்கா என்றார். உடைந்த மலாயும் ஆங்கிலமுமாகப் பேசுவார். அடுப்பின் சூடு, அச்சுக் கைகள் பாலில் முங்கி எழும் வேகம், தான் எங்கெங்கே தப்பு செய்தார் என்பதுவரை எல்லாவற்றையும் சொல்லிக் கொடுத்தார். நானோ மருந்து டிரம்மின் மேல் ஒட்டியிருக்கும் காகிதத்தில் உள்ளதையே கூட்டத்தில் ஒப்பித்தேன். அதையும் மரியாதையாகக் குறித்துக்கொண்டார்.

பிப்ரவரியில் ரப்பர் மரங்கள் மொட்டையாயின. அந்தச் சமயத்துப் பால் பார்வைக்கு மற்றப் பாலைப் போலத்தான் இருக்கும். ஆனால் வழக்கமாகக் கலக்கும் நாளிலேயே மருந்து கலந்தால் கையுறையில் ஊசிக்கண் அளவு ஓட்டை விழும். இன்னும் ஒரு வாரம் தொட்டியில் சும்மா கிடக்கவிட்டுத்தான் கலக்க வேண்டும். எந்தக் காகிதத்திலும் இது கிடையாது; மூன்று வருஷம் கையைச் சுட்டுக்கொண்டு நானாகக் கண்டுபிடித்தது.

ஒரு மத்தியானம் இருவரும் சாப்பிட்டுவிட்டு என் காரில் திரும்பும்போது, நிறுத்தச் சொல்லி இன்ஜினியர் அந்த மரங்களைப் படம் எடுத்தார். ஏறி உட்கார்ந்ததும் கேட்டார்: "இலை போனா பாலுக்கு ஏதாவது ஆகுமா அக்கா?"

"ஒன்னும் ஆகாதுலா. இலைதானே" என்றேன். சாலையைப் பார்த்தபடியே சொன்னேன்.

கையுறை செய்யும் லைன் இரண்டு: புது லைனில் பால் கலப்பது முதல் எல்லாம் அவர் பொறுப்பு, பழைய லைனில் என் பொறுப்பு. கலக்கும் தொட்டியைக் கழுவுகிறோம் என்று சாக்குச் சொல்லி என் பாலை மட்டும் கிடக்கவிட்டேன்; அவர் வழக்கமான நாளிலேயே கலந்தார். அவருடைய கையுறைகளில் தண்ணீர் ஊற்றிச் சோதித்தபோது விரலுக்கு விரல் ஒழுகியது. வாரக் கணக்கில் அடுப்பையும் வேகத்தையும் மாற்றி மாற்றிப் பார்த்தார். ஆள் பாதியாகிவிட்டார். இன்றைக்குச் சொல்லிவிடலாம், நாளைக்குச் சொல்லிவிடலாம் என்று நானும் பக்கத்திலேயே நின்றேன். நாள் ஆக ஆக, சொன்னால் அந்தக் காரில் சொன்ன பொய்யையும் சேர்த்துச் சொல்ல வேண்டுமே என்று வாய் அடைத்துக்கொண்டது.

அவரைத் திருப்பி அழைத்துக்கொண்டார்கள். கடைசிக் கூட்டத்தில் எழுந்து நின்று, குறை தன்னுடையதே என்று குனிந்து வணங்கினார். எங்கள் மேனேஜர் என்னைப் பார்த்து லேசாகத் தலையாட்டினார். நான் மேசையைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

புது லைனை என்னிடம் கொடுத்தார்கள். பாலைக் கிடக்கவிட்டேன், கையுறைகள் ஒழுகவில்லை, எல்லாரும் கை தட்டினார்கள். அவ்வளவுதான் என் சாமர்த்தியம்.

செய்தி அவர் காதுக்கும் போயிருக்கிறது. மூன்று மாதம் கழித்து, பாக்கார் ஆராங்கில் என் வீட்டில் துணி மடித்துக்கொண்டிருந்தபோது கைப்பேசியில் எழுதியிருந்தார்: "வாழ்த்துகள் அக்கா. எப்படிச் சரி செய்தீர்கள்? எனக்கும் சொல்லிக் கொடுங்கள்."

உண்மையை எழுதினேன். அழித்தேன். மறுபடி எழுதி மறுபடி அழித்தேன். கடைசியில், "அடுப்புச் சூட்டைக் கொஞ்சம் குறைத்தேன்" என்று அனுப்பினேன்.

உடனே பதில் வந்தது. "அப்படியென்றால் என் கணக்குதான் தப்பு. இத்தனை நாளாகத் தேடிக்கொண்டிருந்தேன். இனி நிம்மதியாகத் தூங்குவேன். நன்றி அக்கா."

கும்பிடும் கைப் படம் ஒன்றை அனுப்பிவிட்டு, மிச்சத் துணியை மடித்தேன்.