பிள்ளை பிடிக்கப் போன மே மாதம்

ஒவ்வொரு வீட்டு முன்னாலும் டீச்சர் குடையை மடக்கிவிட்டுத்தான் கூப்பிடுவார். வெயில் எவ்வளவு காய்ந்தாலும், குடை பிடித்துக்கொண்டு ஒரு வீட்டு முற்றத்தில் ஏற மாட்டார். மடக்கிய குடையைக் கக்கத்தில் இடுக்கி, முந்தானையால் முகத்தைத் துடைத்து, "ஆளிருக்கா?" என்பார். பின்னால் நோட்டீஸ் கட்டோடு நான் நிற்பேன். தக்கலைக்கு மேற்கே எங்கள் பக்கத்தில் மே மாதம் வந்தால் அரசுப் பள்ளி ஆசிரியர்கள் ஒன்றாம் வகுப்புக்குப் பிள்ளை கேட்டு வீடு வீடாக ஏறி இறங்குவார்கள். ஊரில் அதற்குப் பிள்ளை பிடிப்பது என்று பெயர். ரப்பர் ஷீட் உலரப் போடுகிறவர்கள் எங்களைத் தூரத்தில் கண்டதுமே, "பிள்ள பிடிக்க வாறாவ, ஓடி ஒளிஞ்சிக்கோ மக்கா" என்று வீட்டுக் குழந்தைகளிடம் சொல்லிச் சிரிப்பார்கள். டீச்சரும் சேர்ந்து சிரிப்பார்.

நான் ஆசிரியை இல்லை. பத்தாவது வரை படித்தவள். சத்துணவில் சமையல் வேலை. டீச்சர் குளத்தங்கரைப் பள்ளியின் தலைமை ஆசிரியை. அங்கே வருவதற்கு முன் ஆறு வருடம் நான் மெயின் ரோட்டுப் பள்ளியில் சமைத்தேன். இரண்டும் அரசுத் தொடக்கப் பள்ளிகள்தாம், நடுவில் ஒரு குளமும் ஒரு வாழைத் தோட்டமும். ஒரே புத்தகம், ஒரே அரிசி, ஒரே முட்டை. ஆனால் ரோட்டுப் பள்ளியில் ஆங்கில வழி வகுப்பு உண்டு, தரையெல்லாம் டைல்ஸ், சுவரில் பெரிய டிவி. எங்கள் பள்ளியில் மழை பெய்தால் ஓட்டுக்குக் கீழே வாளி வைக்க வேண்டும். கழிவறைக்குக் கிணற்றிலிருந்து தண்ணீர் சுமக்க வேண்டும்.

அந்த வருடம் மொத்தம் பத்துப் பிள்ளைகளாவது இல்லாவிட்டால் எங்கள் பள்ளியை ரோட்டுப் பள்ளியோடு சேர்த்துவிடுவார்கள் என்று பேச்சு வந்தது. ஐந்தாம் வகுப்பு முடித்தவர்கள் போக எங்களிடம் மிஞ்சியது ஒன்பது. இன்னும் ஒரு பிள்ளை வேண்டும். ஒன்றே ஒன்று. டீச்சர் காலையில் ஆரம்பித்து, பஸ் போகாத மேடுகள் வரைக்கும் நடந்தார். ஆனால் அவருக்கு ஒரு நிபந்தனை இருந்தது. "ரோட்டுப் பள்ளிக்கூடமும் நம்ம பள்ளிக்கூடந்தான். அதக் கொற சொல்லிப் பிள்ள கேக்கப்பிடாது" என்று முதல் நாளே சொல்லிவிட்டார்.

மேட்டுக்கு மேல் கடைசி வீடு. அண்டி ஆபீசில் முந்திரிக் கொட்டை உடைக்கிற பெண். அவளுடைய மகளுக்கு ஐந்து வயது முடிந்திருந்தது. யாரிடமும் பேசாத பிள்ளை, தாயின் சேலைக்குள்ளேயே நின்றது. டீச்சர் பேசியதையெல்லாம் அந்தப் பெண் பொறுமையாகக் கேட்டாள். பிறகு என் பக்கம் திரும்பினாள்.

"டீச்சரே, நீங்க ஒங்க பள்ளிக்கூடத்தத்தான நல்லதும்பிய. இந்த அக்கா ரெண்டு இடத்திலயும் நின்னவ. அக்கா பறயட்டு. எனக்க பிள்ளைய எங்க விடலாம்?"

நாலு பேர் முன்னால் வாய் திறந்து பழக்கமில்லாதவள் நான். டீச்சர் என்னைப் பார்த்தார். நான் தரையைப் பார்த்துக்கொண்டு சொன்னேன்: "ரோட்டுப் பள்ளிக்கூடத்தில இங்கிலீஷ் உண்டு. கக்கூசில பைப் உண்டு, வெள்ளம் எப்பவும் வரும். நம்ம இடத்தில அதொண்ணும் இல்ல."

அவ்வளவுதான். சொன்னதில் ஒரு சொல்கூடப் பொய் இல்லை. ஆனால் டைல்ஸும் டிவியும் பைப்பும் சொல்வதற்கு எளிது. பேசாத பிள்ளையைப் பேசு பேசு என்று டீச்சர் அவசரப்படுத்த மாட்டார், அது தானாக வாய் திறக்க ஒரு பருவம் முழுக்கக் காத்திருப்பார் என்பதை எப்படிச் சொல்வது என்று எனக்குத் தெரியவில்லை. மேட்டிலிருந்து பாதி இறங்கிய பிறகுதான் அது நினைவுக்கே வந்தது. அந்தச் சேலைக்குள் நின்ற பிள்ளைக்கு அதுதான் வேண்டியிருந்திருக்கும்.

குளத்துக் கரை வரும்வரை டீச்சர் முன்னால் நடந்தார். நான் அழுகிற நிலையில் இருந்தேன். கரையில் நின்று, "உள்ளதத்தான சொன்ன. பொய் சொல்லிப் பிள்ளையச் சேத்துட்டு, பொறவு அதுக்க மொகத்தில எப்பிடி முழிக்கியது?" என்றார். பத்தாவது பிள்ளை கடைசிவரை கிடைக்கவில்லை.

ஜூன் மாதம் ஒரு காலையில் ஒன்பது பேரையும் வரிசையாகக் குளத்துக் கரை வழியே டீச்சரே ரோட்டுப் பள்ளிக்கு அழைத்துப் போனார். எனக்கும் அங்கேயே மாற்றல். டீச்சருக்குக் கடலோரத்தில், இரண்டு பஸ் மாறிப் போகிற தூரத்தில் ஒரு பள்ளி. ரோட்டுப் பள்ளியின் தலைமை ஆசிரியர், பெரிய சார், எங்கள் பிள்ளைகளின் பெயர்களைப் பதிவேட்டில் ஏற்றிக்கொண்டு, பிள்ளைகளைப் பற்றி வேறு ஏதாவது சொல்ல வேண்டியிருக்கிறதா என்று கேட்டார். டீச்சர் என்னைக் காட்டினார். "அவளுக்குத்தான் தெரியும். அவ சொல்லுவா."

வரிசையின் முன்னால் போய் நின்றேன். ஒவ்வொருவராகக் காட்டிச் சொன்னேன். இவனுக்கு இடது காது மந்தம், முன் பெஞ்சில் உட்கார வையுங்கள். இவள் இடது கையால் எழுதுவாள், மாற்ற வேண்டாம். இவன் முட்டையில் மஞ்சளைத் தங்கைக்கென்று எடுத்து வைப்பான், சட்டைப் பையைப் பாருங்கள். இது வீட்டில் சண்டை நடந்த மறுநாள் சாப்பிடாது, கேள்வி கேட்காமல் பக்கத்தில் இருந்தால் போதும். ஒன்பது பேருக்கும் சொல்லி முடித்தபோது சார் எழுதுவதை நிறுத்தியிருந்தார்.

வாசல் வரை வந்து டீச்சர் என் தோளைத் தட்டினார். "இத்தன பேச்ச எங்கட்டி வச்சிருந்த? மே மாசம் ஒரு வார்த்த சொல்லியிருந்தா நமக்குப் பத்து ஆயிருக்குமே" என்றார். சிரித்துக்கொண்டேதான் சொன்னார். பஸ் வந்தது, ஏறிவிட்டார்.

மேட்டு வீட்டுப் பிள்ளை அந்த ஆங்கில வழி வகுப்பில்தான் சேர்ந்தது. முதல் வருடம் முழுக்க யாரிடமும் பேசவில்லை என்று வகுப்பு டீச்சர் தாயிடம் குறை சொன்னதைச் சமையலறை ஜன்னல் வழியே கேட்டேன். மறு வருடம் ஒரு தனியார் பள்ளியின் வேன் வந்து அழைத்துப் போயிற்று. இப்போது எங்கே படிக்கிறது என்று தெரியாது.

ரோட்டுப் பள்ளியில் இன்று இருநூறு பிள்ளைகள் இருக்கிறார்கள். அறுபது பேரின் பெயர்தான் எனக்கு இதுவரை மனதில் நின்றிருக்கிறது. தட்டு நீட்டும்போது பெயர் கேட்டு, அதைச் சொல்லிக் கூப்பிட்டுத்தான் சோறு போடுகிறேன். வரிசை மெதுவாக நகர்கிறது. பின்னால் நிற்பவர்கள் தட்டைத் தட்டி அவசரப்படுத்துகிறார்கள். இவ்வளவு நேரம் எதற்கு என்று சார் இரண்டு தடவை கேட்டுவிட்டார். அடுத்த பிள்ளையிடம் பெயர் கேட்டேன்.