வேனில் நான் கட்டிய படுதா

நாலாம் வகுப்பைத் தாண்டாதவன் நான். ஆனாலும் பழைய வேன் ஒன்றை வாங்கி, என் கையாலேயே டிபன் கடையாக மாற்றி, பொள்ளாச்சி மாட்டுச் சந்தையில் நிறுத்தியவன். தொண்ணூறுகளில் ஒரு வருடம், வேனின் பக்கவாட்டில் நிழலுக்கு இழுத்துக் கட்டும் படுதா கிழிந்துபோனது. தையல்காரரைத் தேடிப் போக எனக்குப் பொறுமை ஏது? புதுத் தார்ப்பாய் வாங்கி, நானே ஓரம் தைத்து, ஒரு சுருக்கம் இல்லாமல் சமமட்டமாகக் கட்டி, வருகிறவர் போகிறவரிடமெல்லாம் காட்டினேன்.

டீ குடிக்க வந்த மாட்டுத் தரகர் ஒருவர் அண்ணாந்து பார்த்தார். “ஏனுங்க, தண்ணி ஓடறதுக்குச் சாய்வே இல்லீங்களே?”

“நீங்க மாட்டுப் பல்லைப் பாருங்க, போதும்” என்றேன்.

மதியம் மழை கொட்டியது. படுதாவின் நடுவே தண்ணீர் தேங்கி, சினை எருமையின் வயிறு போலத் தொங்கியது. நேர் கீழே கொதிக்கும் எண்ணெய்ச் சட்டி; பக்கத்தில் பஜ்ஜி போட்டுக்கொண்டு என் மனைவி. மேலே ஏறவா, கயிற்றை அவிழ்க்கவா என்று தெரியாமல் வேனைச் சுற்றிச் சுற்றி ஓடினேன். மூலைக் கம்பி வளைய ஆரம்பித்தது.

அந்தத் தரகர்தான் பாய்ந்து வந்து கம்பிக்குத் தோள் கொடுத்தார். “அம்மணி, நவுந்துக்குங்க! ஏனுங்க, இந்த மூலைக் கயித்தை லூசு பண்ணுங்க!”

செய்தேன். தண்ணீர் முழுக்க அவர் முதுகில் கொட்டியது. சட்டியில் ஒரு சொட்டு விழவில்லை.

நனைந்து நின்றவரிடம் என் துண்டை நீட்டினேன். அவர், “இன்னொரு டீ போடுங்க. மாட்டுப் பல்லைப் பாக்கப் போவோணும்” என்றார்.

அதன்பின் எத்தனையோ வேன்களுக்கு நானே படுதா கட்டிவிட்டேன். எல்லாவற்றிலும் ஒரு பக்கம் ஒரு சாண் தாழ்வு. யாராவது குறை சொன்னால் இன்றும் சுருக்கென்றுதான் இருக்கிறது. ஆனாலும் ஒருமுறை அண்ணாந்து பார்த்துவிடுகிறேன்.